ஐந்து சென்ட் பொம்மையின் விலை

அரண்மனைகளை அழகுபடுத்திய பீங்கான் பாவைகளை இன்றைய அருங்காட்சியகங்கள் கண்ணாடிப் பேழைகளில் வைத்துக் காக்கின்றன. அவற்றை வார்த்த பட்டறை எது, வாங்கிய பிரபு யார், கொடுத்த விலை எவ்வளவு என்பதற்கெல்லாம் ஏடுகள் உண்டு. ஏழை வீட்டு மாடத்தில் நின்ற காகிதக்கூழ் பொம்மைக்கு அத்தகைய ஏடு எதுவும் இல்லை. அது உடைந்தால் குப்பைக்குப் போகும். அடுத்த ஆண்டு வேறொன்று வந்துவிடும். மலிவான பொருளைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று எவரும் நினைப்பதில்லை.

ஆயினும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இத்தகைய பொம்மைகளையே தேடித்தேடிச் சேர்க்கும் ஒரு கூட்டம் கடந்த சில தலைமுறைகளாக வளர்ந்து வந்திருக்கிறது. மலிவு விலைக் கடைகளில் ஐந்து சென்ட்டுக்கும் பத்து சென்ட்டுக்கும் விற்ற குழந்தைப் பொம்மைகள், கிறிஸ்மஸ் மரத்தில் தொங்கிய கண்ணாடிப் பழங்கள், குடிலில் நின்ற இடையர்கள், ஆட்டுக்குட்டிகள் ஆகியவையே இவர்களுடைய செல்வம். பழைய பொருள் சந்தையில் ஒரு பொம்மை கைக்கு வந்ததும் அனுபவமுள்ள சேகரிப்பாளர் அதன் முகத்தை முதலில் பார்ப்பதில்லை. தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்க்கிறார். அங்கே ஒரு நாட்டின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அதனருகே கடைக்காரர் பென்சிலால் எழுதிய விலையும் சில சமயம் அழியாமல் இருக்கும். எங்கே செய்தது, எவ்வளவுக்கு விற்றது என்னும் இந்த இரண்டு குறிப்புகளே அதன் வரலாற்றுக்குள் நுழையும் வாசல்கள். அவ்வாசல் வழியே சற்று உள்ளே சென்று பார்ப்பதே நம் நோக்கம்.

சின்னப் புனிதர்கள்

1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில் கிரேச்சோ என்னும் இத்தாலியச் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் மாடும் கழுதையும் வைக்கோலும் கொண்டு அமைத்த குடிலை நாம் நன்கு அறிவோம். அங்கே பொம்மைகள் இருந்ததாக வரலாறு கூறவில்லை. சுரூபங்கள் கொண்ட குடில்கள் பின்னர் ஆலயங்களிலும் துறவு மடங்களிலும் வளர்ந்தன. 18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரின் செல்வர்கள் பட்டும் சரிகையும் உடுத்திய உருவங்களால் தங்கள் மாளிகைகளை நிரப்பினார்கள். எளியவர் வீட்டுக்கு அத்தகைய குடில் எட்டாக்கனியாகவே இருந்தது.

அந்நிலையை மாற்றியதில் பிரெஞ்சுப் புரட்சிக்கு எதிர்பாராத பங்குண்டு. புரட்சி அரசு ஆலயங்களை மூடிய ஆண்டுகளில், தென் பிரான்சின் புரொவான்ஸ் பகுதி மக்கள் ஆலயத்தில் காண முடியாத குடிலைத் தம் வீட்டுக்குள் வைக்க விரும்பினார்கள். மார்சேய் நகரைச் சேர்ந்த ழான்-லூயி லான்யேல் என்னும் கைவினைஞர் (1764-1822) பிளாஸ்டர் அச்சுகளைச் செய்து, அவற்றில் களிமண்ணை அழுத்திச் சிறு உருவங்களை எடுத்தார். ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். சூளையில் சுடாமல், உலர்த்தி வண்ணம் தீட்டினால் போதும். ஆகவே விலை மிகக் குறைவு. ‘சாந்தோன்’, அதாவது சின்னப் புனிதர், என்பது அவற்றின் பெயர். அவற்றை விற்பதற்கென்றே 1803இல் மார்சேயில் தொடங்கிய சந்தை இன்றும் கிறிஸ்மஸ் காலத்தில் கூடுகிறது.

மலிவு அங்கே மற்றொரு மாற்றத்தையும் கொணர்ந்தது. விலை குறைந்ததும் குடிலில் கூட்டம் சேர்ந்தது. திருக்குடும்பத்துடன் மீன் விற்பவள், மாவு அரைப்பவர், சாணை பிடிப்பவர், பார்வையற்ற முதியவர் ஆகியோரும் வந்து நின்றார்கள். கொண்டுவரக் கையில் ஒன்றுமில்லாமல், வியப்பில் இரு கைகளையும் உயர்த்தியபடி நிற்கும் ‘ராவி’ என்னும் அப்பாவியும் அவர்களில் ஒருவர். வாங்கியவர்கள் தங்களைப் போன்றவர்களையே பாலன் இயேசுவின் முன் நிறுத்திப் பார்த்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் கிரேச்சோவில் கையொப்பமிட்ட குடில் பற்றிய திருமடலில், நற்செய்தியில் இடம்பெறாத கொல்லரையும் ரொட்டி சுடுபவரையும் மக்கள் குடிலில் சேர்க்கும் இவ்வழக்கத்தைப் பரிவோடு குறிப்பிடுகிறார். மலிவான பொம்மை ஏழையை வாங்குபவராக மட்டுமன்றி, காட்சியில் பங்கு பெறுபவராகவும் ஆக்கியது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வோம்.

துரிங்கியக் காட்டின் வீடுகள்

புரொவான்சின் பொம்மை, செய்தவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குச் சந்தையில் நேராகச் சென்றது. அடுத்து நாம் காணவிருக்கும் பொம்மைகளோ கடல் கடந்து விற்றவை. அவற்றைச் செய்தவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

ஜெர்மனியின் நடுப்பகுதியில் துரிங்கியா என்னும் மலைக்காட்டுப் பகுதி உள்ளது. விளைநிலம் குறைவு, விறகும் மணலும் நிறைவு. அங்குள்ள லாவ்ஷா என்னும் ஊரில் 1597இல் ஒரு கண்ணாடிப் பட்டறை நிறுவப்பட்டது. காலப்போக்கில் ஊரார் கண்ணாடிக் குழலை வீட்டுக்கு எடுத்துச் சென்று, விளக்குச் சுடரில் இளக்கி, ஊதி, மணிகளும் சிறு உருவங்களும் செய்யப் பழகினர். 1848ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கண்ணாடித் தொழிலாளரின் கணக்கேட்டில் கிறிஸ்மஸ் மரத்துக்கான கண்ணாடி அலங்காரங்கள் குறிக்கப்பட்டுள்ளன. மரத்தில் கட்ட ஆப்பிளும் வாதுமையும் வாங்க வழியற்ற ஓர் ஏழை, கண்ணாடியிலேயே அவற்றை ஊதிக்கொண்டார் என்று ஒரு கதையும் அவ்வூரில் வழங்குகிறது. அது மெய்யோ கட்டுக்கதையோ, அவ்வூரின் நிலைக்குப் பொருந்துகிறது. 1867இல் எரிவாயு வந்ததும் சுடரின் வெப்பத்தைக் கட்டுப்படுத்த முடிந்தது. மெல்லிய பெரிய உருண்டைகளை ஊதுவது எளிதாயிற்று.

அருகிலுள்ள சோன்னபெர்க் நகரம் பொம்மைகளுக்குப் பேர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காகிதக்கூழை அச்சில் அழுத்திப் பொம்மை செய்யும் முறை அங்கே பரவியது. மரத்தைச் செதுக்குவதற்குத் தேர்ந்த கை வேண்டும். கூழை அழுத்துவதற்கு அது வேண்டியதில்லை. எனவே வேலை துண்டு துண்டாகப் பிரிந்தது. ஒரு குடும்பம் தலைகளை மட்டும் அழுத்தி எடுக்கும். மற்றொன்று கைகால்களைச் செய்யும். ஒரு வீட்டில் கண் பதிப்பார்கள். வேறொரு வீட்டில் உதட்டுக்கும் கன்னத்துக்கும் நிறம் தீட்டுவார்கள். இன்னொரு வீட்டில் சட்டை தைப்பார்கள். ஒரு பொம்மை முழுமை பெறுமுன் எத்தனையோ வீடுகளின் வாசற்படியைக் கடந்துவிடும்.

பணி நடந்த இடம் தொழிற்சாலை அன்று. குடும்பம் உண்டு உறங்கிய அதே அறைதான். லாவ்ஷாவில் தந்தை சுடரின் முன் அமர்ந்து ஊதினார். தாய் வெள்ளி நைட்ரேட் கரைசலை உள்ளே ஊற்றிக் குலுக்கி உருண்டைக்குப் பளபளப்பு ஏற்றினார். பிள்ளைகள் வண்ணம் பூசினார்கள். கழுத்துப் பகுதியை அறுத்து உலோகத் தொப்பி மாட்டினார்கள். வார இறுதியில் பெண்கள் உயரமான கூடைகளை முதுகில் சுமந்து மலைப்பாதையில் சோன்னபெர்க்கில் இருந்த வணிகரிடம் சேர்த்தார்கள். விலையை முடிவு செய்தவர் வணிகரே. மூலப்பொருளின் செலவு, விளக்கின் செலவு, உடைந்ததன் நட்டம் ஆகிய யாவும் குடும்பத்தின் தலையில் விழுந்தன. கிறிஸ்மஸ் சரக்கு கப்பல் ஏற வேண்டிய மாதங்களில் இரவும் பகலும் வேலை. விழா முடிந்ததும் பல வாரங்கள் வேலையின்மை.

ஐந்து சென்ட் கடை

இக்கூடைகள் அமெரிக்கச் சிற்றூர்களைச் சென்றடையக் காரணமானவர்களுள் முதன்மையானவர் ஃபிராங்க் வின்ஃபீல்டு உல்வொர்த். 1852இல் நியூயார்க் மாநிலத்தின் ரோட்மன் சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். துணிக்கடையில் எடுபிடியாக வேலை தொடங்கியவர். 1879 பிப்ரவரியில் யூட்டிக்கா நகரில் அவர் திறந்த ‘ஐந்து சென்ட் கடை’ சில மாதங்களில் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் திறந்த கடை நிலைத்தது. அக்காலக் கடைகளில் பொருள்கள் விற்பவரின் முதுகுக்குப் பின்னே இருந்தன, கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள், பேரமும் நடக்கும். உல்வொர்த் பொருள்களை மேசைமேல் பரப்பினார். எவரும் தொட்டுப் பார்க்கலாம். எல்லாம் ஒரே விலை. கையில் ஐந்து சென்ட் இருந்தால் கூச்சமின்றி உள்ளே வரலாம்.

1880இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த இறக்குமதி வணிகர் ஒருவர் ஜெர்மனியின் கண்ணாடி அலங்காரங்களை அவரிடம் காட்டினார். இவை உடைந்துபோகும், எதற்கென்று வாங்குவோருக்கு விளங்காது என்று உல்வொர்த் தயங்கினார். விற்பனைக்கு வணிகர் உறுதி கூறிய பின்னரே 25 டாலர் அளவுக்கு எடுத்துக்கொண்டார். இரண்டே நாளில் அவை விற்றுத் தீர்ந்தன. பிற்காலத்தில் அவரே இதைக் கூறியிருக்கிறார். 1890இல் அவர் துரிங்கியாவுக்கே நேரில் சென்று கொள்முதல் செய்தார். பின்னர் அவருடைய நிறுவனம் ஆண்டுதோறும் பொம்மைகளையும் அலங்காரங்களையும் பெருமளவில் கப்பலேற்றியது. 1912இல் பல நிறுவனங்கள் ஒன்றிணைந்தபோது அக்கடைகளின் எண்ணிக்கை 596. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அவர் எழுப்பிய 792 அடி உயரக் கட்டடம் அந்நாளில் உலகிலேயே உயரமானது. அதற்கான ஒரு கோடியே 35 இலட்சம் டாலரையும் அவர் கடனின்றிக் கட்டினார் என்பர். ஐந்தும் பத்துமாகச் சேர்ந்த காசு அது.

இக்கடைகள் செய்த நன்மையை மறைத்தல் நேர்மையன்று. அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் குடியேறிய கத்தோலிக்கக் குடும்பங்கள் அமெரிக்க நகரங்களின் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தன. ஆலயத்தில் பெரிய குடில் இருந்தது. வீட்டில் வைக்க வழியில்லை. மலிவு விலைக் கடையில் குடில் உருவங்கள் தனித்தனியாக விற்கப்பட்டன. முழுத் தொகுப்பையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. இந்த ஆண்டு திருக்குடும்பம். அடுத்த ஆண்டு ஓர் இடையர். அதற்கும் அடுத்த ஆண்டு ஓர் ஒட்டகம். காகிதக்கூழாலும் பிளாஸ்டராலும் ஆன இவ்வுருவங்கள் ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தன. எனவே ஒரே குடிலில் பெரிய ஆடும் சிறிய மாடும் நிற்கும். சூசையப்பரின் முகம் ஒரு நாட்டு வார்ப்பு, அரசர்களின் முகம் மற்றொரு நாட்டு வார்ப்பு. உடைந்த இடையரின் இடத்தில் குழந்தையின் விளையாட்டுச் சிப்பாயும் நிற்பதுண்டு. சேகரிப்பாளர்கள் இன்று மிகவும் மதிப்பது இந்தப் பொருந்தாத குடில்களைத்தான். ஒரே பெட்டியில் வந்த தொகுப்பு கடையின் தேர்வு. பொருந்தாத குடிலோ ஒரு குடும்பம் பல ஆண்டுகள் சிறுகச் சேமித்ததன் பதிவு.

எஞ்சிய விலையை யார் கொடுத்தார்?

ஐந்து சென்ட்டுக்குள் செய்தவர் கூலி, சுமந்தவர் கூலி, வணிகர் இலாபம், கப்பல் வாடகை, சுங்கம், கடைப் பணிப்பெண்ணின் சம்பளம், முதலாளியின் ஆதாயம் ஆகிய அனைத்தும் அடங்கவேண்டும். எங்கோ ஓரிடத்தில் குறைத்தாலன்றி இக்கணக்கு நேராகாது. அது குறைக்கப்பட்ட இடங்கள் இரண்டு.

முதலாவது, துரிங்கியாவின் வீட்டு அறை. தொழிற்சாலைகளில் சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்திய ஜெர்மானியச் சட்டங்கள் நெடுங்காலம் வீட்டு வாசலில் நின்றுவிட்டன. பெற்றோர் தம் பிள்ளைகளைத் தம் வீட்டில் வேலை வாங்குவதில் அரசு எப்படித் தலையிடும் என்பது அன்றைய வாதம். 1903இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சிறுவர் பாதுகாப்புச் சட்டமே வீட்டுத் தொழிலுக்குள்ளும் நுழைந்தது. அப்போதும் அந்நியரின் பிள்ளைகளைவிடச் சொந்தப் பிள்ளைகளுக்கு அதன் பாதுகாப்பு குறைவாகவே இருந்தது. 1906இல் பெர்லினில் வீட்டுத் தொழில் பற்றிய ஒரு கண்காட்சி நடந்தது. நாம் வழக்கமாகக் காணும் கண்காட்சிகளில் பொருளின் அழகே முன்னிற்கும். இங்கே ஒவ்வொரு பொருளின் அருகிலும், இதைச் செய்யப் பிடித்த நேரம் இவ்வளவு, கிடைத்த கூலி இவ்வளவு என்று எழுதி வைத்திருந்தார்கள். அதன் விளம்பரத் தட்டிக்குக் களைத்துச் சோர்ந்த ஒரு தொழிலாளிப் பெண்ணின் முகத்தை வரைந்தவர் புகழ்பெற்ற ஓவியர் கேத்தே கோல்விட்ஸ். அத்தட்டிகளை அகற்றினால்தான் வருவேன் என்றார் பேரரசி. பொருளைப் பார்க்க மனமிருந்த அவருக்கு, செய்தவளின் முகத்தைப் பார்க்க மனமில்லை.

இரண்டாவது, கடையின் மேசைக்குப் பின்புறம். மலிவான பொருளை விற்க வேண்டுமாயின் மலிவான ஆள்கள் வேண்டும் என்று உல்வொர்த் தம் மேலாளர்களுக்கு ஒளிவுமறைவின்றி எழுதினார். பொருள்கள் தாமே தம்மை விற்றுக்கொள்வதால், அனுபவமற்ற இளம்பெண்களே போதும் என்பது அவர் கணக்கு. அவர் 1919இல் மறைந்தார்; அக்கணக்கு மறையவில்லை. 1937 பிப்ரவரி 27ஆம் நாள் டெட்ராய்ட் நகரின் உல்வொர்த் கடையில் நூற்றுக்கு மேற்பட்ட பணிப்பெண்கள் வேலையை நிறுத்தி, கடையைவிட்டு வெளியேறாமல் உள்ளேயே தங்கினார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பின் நிறுவனம் இறங்கி வந்தது. அவர்கள் பெற்ற ஊதிய உயர்வு மணிக்கு 5 சென்ட். தொடக்கத்தில் ஒரு பொம்மைக்கு அக்கடை வைத்திருந்த விலை.

உல்வொர்த் முதன்முறை துரிங்கியாவுக்குச் சென்ற மறு ஆண்டு, 1891 மே 15ஆம் நாள், திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் ‘ரேரும் நொவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். தொழிலாளி ஒப்புக்கொண்டார் என்பதாலேயே கூலி நீதியானதாகிவிடாது. சிக்கனமாக வாழும் நேர்மையான தொழிலாளியைத் தாங்கும் அளவுக்கு அது இருக்க வேண்டும் என்று அம்மடல் கற்பித்தது. உடலும் உள்ளமும் முதிராத பிள்ளைகளைத் தொழிற்கூடத்தில் சேர்க்கலாகாது என்றும் எச்சரித்தது. அது வெளிவந்த நாள்களில் பெத்லகேமின் பாலனைக் கொண்டாடும் அலங்காரங்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தவர்கள் பாலர்களே. இம்முரண்பாடு நம்மை வருத்த வேண்டும்.

ஒரு பொம்மை சொன்ன சாட்சி

விலை குறைந்த பொம்மை தன்னைச் செய்தவரைப் பற்றி மட்டுமன்றி, தன்னைக் கையில் ஏந்திய குழந்தையைப் பற்றியும் பேசக்கூடும். 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியல் தம்பதியர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள உல்வொர்த் கடையில் 50 சென்ட் விலையில் வாங்கிய பொம்மைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். பழுப்பு நிறப் பொம்மையையும் வெள்ளை நிறப் பொம்மையையும் கறுப்பினக் குழந்தைகளின் முன் வைத்தார்கள். நல்ல பொம்மை எது, விளையாட விரும்புவது எது, உன்னைப் போல் இருப்பது எது என்று வினவினார்கள். மூன்று வயது முதல் ஏழு வயது வரையிலான அக்குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றார்கள். உன்னைப் போல் இருப்பது எது என்ற கேள்வி வந்தபோது சிலர் அழுதார்கள். சிலர் அறையைவிட்டு ஓடினார்கள்.

பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டத்துக்கு ஒவ்வாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17இல் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வு இடம் பெற்றது. அப்பொம்மைகளுள் ஒன்று இன்று கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில், அவ்வழக்கின் நினைவிடத்தில் காக்கப்படுகிறது. பீங்கான் பாவைக்குக் கிடைக்காத பெருமை அந்த 50 சென்ட் பொம்மைக்குக் கிடைத்தது. தன் நிறத்தைத் தானே வெறுக்கும்படி ஒரு குழந்தைக்குச் சமூகம் கற்பித்திருந்ததை அது வெளியே கொணர்ந்தது.

அடிப்பாகம் சொல்லும் வரலாறு

சேகரிப்பாளர் பொம்மையைத் திருப்பிப் பார்க்கும் வழக்கத்துக்கு இப்போது திரும்புவோம். 1890ஆம் ஆண்டின் மக்கின்லி சுங்கச் சட்டம், அமெரிக்காவுக்குள் வரும் பொருள்கள்மீது அவை உருவான நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று விதித்தது. உள்நாட்டுத் தொழிலைக் காக்க எழுந்த இவ்விதி, அதை இயற்றியவர்கள் நினையாத ஒரு பயனைத் தந்தது. பொம்மையின் அடிப்பாகமே ஒரு நூற்றாண்டின் வரலாற்றுச் சுவடியாயிற்று.

முதலில் ‘ஜெர்மனி’ என்ற சொல்லே மிகுதி. 1914இல் போர் மூண்டு கப்பல்கள் நின்றபோது அப்பெயர் மறைகிறது. ‘ஜப்பான்’ என்பது முன்னே வருகிறது. 1920களில் ஜெர்மனி மீண்டும் தலைகாட்டுகிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் மின்விளக்குக் குமிழ் செய்யும் பொறியிலேயே கிறிஸ்மஸ் உருண்டைகளைச் செய்யத் தொடங்கியது. உல்வொர்த் வாங்கிய முதல் சரக்கே 2 இலட்சத்து 35 ஆயிரம் உருண்டைகள். லாவ்ஷாவின் ஒரு குடும்பம் வாழ்நாளெல்லாம் ஊதுவதை அப்பொறி சில நாள்களில் செய்து முடித்தது. போருக்குப் பின் ‘ஆக்கிரமிப்பு ஜப்பான்’ என்ற முத்திரை சில ஆண்டுகள் காணப்படுகிறது. 1952இல் அந்த ஆக்கிரமிப்பு முடிந்ததும் அதுவும் முடிகிறது. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்து லாவ்ஷா கிழக்கில் சிக்கியபோது, கண்ணாடித் தொழிலாளர் பலர் எல்லை தாண்டி மேற்கே பிழைக்கச் சென்றார்கள். ‘மேற்கு ஜெர்மனி’ என்ற சொல் அவர்களுடைய புலம்பெயர்வின் அடையாளம். பின்னர் நெகிழிக் காலத்தில் ஹாங்காங்கின் பெயரும், 1980களுக்குப் பின் சீனாவின் பெயரும் வருகின்றன. இன்று உலகின் கிறிஸ்மஸ் அலங்காரங்களில் பெரும்பகுதி சீனாவின் யீவு நகரை ஒட்டிய பட்டறைகளில் உருவாகிறது.

ஊர் மாறியது, கணக்கு மாறவில்லை. 1993 மே 10ஆம் நாள் தாய்லாந்தின் நாக்கோன் பதோம் மாநிலத்தில் கேடர் பொம்மைத் தொழிற்சாலை தீப்பற்றியது. வெளிநாட்டுக் கடைகளுக்காகப் பொம்மைகள் செய்த இடம் அது. கதவுகள் பூட்டிக் கிடந்தன, படிகள் சரிந்தன, 188 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வேலைக்கு வந்த இளம்பெண்கள். அதே ஆண்டு நவம்பரில் சீனாவின் ஷென்ஜென் நகரில் மற்றொரு பொம்மைத் தொழிற்சாலை எரிந்தது. அங்கும் கதவுகள் அடைபட்டிருந்தன. 80க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். துரிங்கியாவில் குழந்தைப் பருவத்தைக் கேட்ட மலிவு, இங்கே உயிரையே கேட்டது.

கடைகளும் மாறின. உல்வொர்த் பெயர் தாங்கிய அமெரிக்கக் கடைகளை மூடுவதாக 1997இல் அறிவிப்பு வந்தது. பிரிட்டனின் கடைகள் 2009 ஜனவரியில் அடைபட்டன. அவற்றின் இடத்தை ‘ஒரு டாலர்’ கடைகள் பிடித்துக்கொண்டன. அவற்றுள் பெரிய ஒரு நிறுவனம் நெடுங்காலம் காத்துவந்த ஒரு டாலர் விலையை 2021இல் ஒன்றேகால் டாலராக உயர்த்தியது. அன்றைய ஐந்து சென்ட் கடைக்கும் இதே கதைதான்: பத்து சென்ட் வரம்பு 1932இல் தளர்ந்தது, 1935இல் முற்றிலும் நீங்கியது. விலையை ஒரே எண்ணில் நிறுத்திவைப்பது எவராலும் என்றென்றும் ஆகாத செயல்.

நம் கையில் உள்ள பொம்மை

இவ்வளவும் அறிந்தபின் மலிவான பொம்மையை வெறுக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்றே நாம் கருதுகிறோம். தொழுவத்தில் பிறந்தவரை நினைவூட்ட விலையுயர்ந்த பளிங்கு தேவையில்லை. ஏழை வீட்டுக் குழந்தை தன் காசைக் கொடுத்து வாங்கிய ஆட்டுக்குட்டி, பெரிய ஆலயத்தின் சுரூபத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. மலிவே எளியவரின் இல்லத்துக்குள் குடிலைக் கொணர்ந்தது என்னும் உண்மையை மார்சேயிலும் கண்டோம். அமெரிக்கக் குடியிருப்புகளிலும் கண்டோம்.

ஆனால் வாங்கும் எளியவரின் மகிழ்ச்சிக்காகச் செய்யும் எளியவர் பட்டினி கிடக்க வேண்டும் என்பது இயற்கையின் சட்டம் அன்று. மனிதர் வகுத்த கணக்கு அது; மனிதர் திருத்தவும் செய்தார்கள். ஒரு சட்டம், ஒரு கண்காட்சி, ஒரு சுற்றுமடல், ஒரு வார வேலைநிறுத்தம் ஆகியவை அதைச் சிறிது சிறிதாகத் திருத்தியதைப் பார்த்தோம். இவை ஒவ்வொன்றும், பொருளுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பதை யாரோ எடுத்துச் சொன்னதால் நடந்தவை.

பழைய பொம்மைகளைச் சேர்ப்போர் பலர் அழகுக்காகவே சேர்க்கிறார்கள். எனினும் அவர்களுடைய அலமாரிகள் தம்மை அறியாமலே ஒரு கடமையை நிறைவேற்றுகின்றன. பெயரற்ற கைகள் செய்ததைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதே அக்கைகளுக்குச் செய்யும் மரியாதை. நம் வீடுகளிலும் கிறிஸ்மஸ் முடிந்ததும் குடில் உருவங்களைப் பழைய நாளிதழில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறோம். காது உடைந்த மாடு, நிறம் போன இடையர், எங்கே செய்ததென்று எவரும் கேட்டிராத வானதூதர் எல்லாம் அதில் உண்டு. அடுத்த திருவருகைக் காலத்தில் அவற்றை எடுத்து வைக்கும்போது ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். பிள்ளைகளிடம் அடிப்பாகத்தைக் காட்டி, இதை யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து செய்தார் என்று சொல்வோம். புதிதாக ஒன்று வாங்கும்போது, செய்தவர் கையிலிருந்தே வாங்கும் வாய்ப்பு நம் ஊரில் இருந்தால் பேரம் பேசாமல் வாங்குவோம். பாலனின் முன் நிற்கும் கூட்டத்தில் அவருக்கும் ஓர் இடம் உண்டு.